வேன் உதறுகிறதா? எஞ்சினைப் பிரிக்கும் முன் ஒரு நிமிடம்!



கிள்ளானில், காப்பார் சாலைப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அண்ணன் ஒருவர், தம் பழைய டீசல் வேனோடு என்னைத் தேடி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"தம்பி, வண்டி நின்ற இடத்திலேயே கிடுகிடுவென்று உதறுது. பட்டறையில் காட்டினேன். எஞ்சினைப் பிரிச்சு ஓவர்ஹால் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. அத்தனை ஆயிரம் வெள்ளிக்கு நான் எங்கே போவேன்?" என்றார்.

அவர் வீட்டில் அடுப்பு எரிவது அந்த வேனை நம்பித்தான். நான் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "எப்போ உதறுது அண்ணே?"

உங்களில் பலர் வீட்டிலும் இப்படி ஒரு வேன் இருக்கலாம். காலையில் பள்ளிப் பிள்ளைகள், பகலில் காய்கறி, ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டுச் சாமான் என்று அது ஓயாமல் உழைக்கும். அதற்கு நோய் வந்தால் பணத்தை எடுக்கும் முன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் கிடையாது. காற்றை ஏறத்தாழ 20 மடங்கு நெருக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயை எரிய வைக்கிறது. 1897இல் ருடால்ப் டீசல் தம் எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய நாள் முதல் இதுதான் அதன் வழி. ஆகவே கொஞ்சம் 'டகடக' சத்தம் அதன் பிறவிக்குணம். நேற்று இல்லாத சத்தம் இன்று வந்தால்தான் கவனிக்க வேண்டும்.

முதல் சோதனை: வண்டியை நிறுத்தி, கியர் போடாமல், எண்ணெயை மெதுவாக மிதியுங்கள். சத்தமும் கூடவே ஏறினால் கோளாறு எஞ்சின் பக்கம். நின்றால் ஒன்றுமில்லை, ஓடும்போது மட்டும் அதிர்கிறது என்றால் டயர், வீல் பேரிங், பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டு ஆகியவற்றைப் பாருங்கள். எஞ்சினைத் தொட வேண்டியதில்லை.

இரண்டாவது, கிளச். நியூட்ரலில் கேட்கும் இரைச்சல் கிளச்சை மிதித்ததும் அடங்கினால் கியர்பாக்ஸ் பேரிங் தேய்ந்திருக்கலாம். மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறதென்றால் கிளச் பேரிங்.

மூன்றாவது, பெல்ட். கீச்சென்றோ உறுமலாகவோ முன்பக்கம் சத்தம் வந்தால், பேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட விடுங்கள். சத்தம் போய்விட்டால் கோளாறு தண்ணீர்ப் பம்பிலோ ஆல்டர்னேட்டரிலோ இருக்கும். அந்த நிலையில் வண்டியை நகர்த்தக் கூடாது. பல டீசல் வேன்களில் பிரேக்குக்கு உதவும் வாக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தே சுற்றுகிறது.

நான்காவதுதான் முக்கியம். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்று சுற்றினால், வினாடிக்கு 25 வெடிப்பு ஒரே சீராக நடக்கிறது. ஒரு சிலிண்டர் படுத்துவிட்டால் வினாடிக்கு ஆறு முறை நொண்டும். நொண்டுவது எது? எஞ்சின் ஓடும்போது, நோசலுக்குப் போகும் இரும்புக் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்தி இறுக்க வேண்டும். எதைத் தளர்த்தினால் ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ, அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யாதது. எதைத் தளர்த்தினால் 'டங் டங்' அடி குறைகிறதோ, அந்த நோசலை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். அடியும் கூடவே போனால் நோசல்தான் குற்றவாளி. பழைய இடத்திலேயே நின்றால் பிஸ்டன், பேரிங் பக்கம் பார்க்க வேண்டும்.

இதைத் தெரிந்த போமன் கையால் செய்யச் சொல்லுங்கள். அழுத்தத்தோடு பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். புதிய காமன் ரெயில் எஞ்சினில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

அண்ணனின் வேனில் நான்கு நட்டுக்கும் மாற்றம் ஒரே மாதிரி இருந்தது. நான்கு சிலிண்டரும் நன்றாக உழைக்கின்றன! நின்றால் உதறல், எண்ணெயை மிதித்தால் சீராகிறது, நிறுத்தும்போது ஒரு 'தொம்'. ஓட்டுநர் இருக்கையைத் தூக்கிப் பார்த்தோம். எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் ஊறி, உப்பி, கிழிந்து கிடந்தது. மேலே ஒரு டீசல் குழாய் சொட்டுச் சொட்டாய்க் கசிந்துகொண்டிருந்தது.

ரப்பரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? விடியற்காலையில் பால் வெட்டிய கைகள் அல்லவா! நம் மரத்துப் பாலில் செய்த ரப்பர் அதிர்வைத் தாங்குவதில் கெட்டிக்காரன். ஆனால் எண்ணெய் பட்டால் ஊறிப் போவான். குழாயை மாற்றினோம், பிறகு மவுண்டிங்கை மாற்றினோம். கசிவை விட்டுவிட்டு ரப்பரை மட்டும் மாற்றியிருந்தால் மறுபடியும் அதே கதைதான்.

பட்டறைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறவர்கள் என்று நான் சொல்லவில்லை. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் காதால் கேட்டே நோயைச் சொல்லும் நல்ல போமன்கள் உண்டு. "உதறுது" என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கும் சிரமம். "காலையில் முதல் ஐந்து நிமிடம் உதறி, வெள்ளைப் புகை வருது" என்று சொல்லுங்கள். உடனே குளோ பிளக்கைப் பார்ப்பார். "பில்டர் மாற்றியதிலிருந்துதான்" என்றால், எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்ததா என்று தேடுவார்.

ஒரு எச்சரிக்கை. அடிவயிற்றிலிருந்து வருவது போல் கனத்த அடி கேட்டு, எண்ணெய் விளக்கும் எரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் ஓட்டினால் ஓவர்ஹாலைத் தவிர்க்க முடியாது. பழைய டொயோட்டா ஹையேஸின் 2எல், 3எல் எஞ்சின்களில் டைமிங் பெல்ட் இருக்கிறது. அது சத்தம் போடாமலே அறுந்து வால்வுகளை வளைத்துவிடும். அதைக் கிலோமீட்டர் கணக்குப் பார்த்து மாற்றுங்கள்.

மறுநாள் காலை அண்ணன் வழக்கம்போல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார். உங்கள் வேனுக்கும் நோய் வரலாம். எப்போது, எங்கே, எப்படி என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். அந்தத் தாள் உங்கள் பணத்தைக் காக்கும்.