கட்டுபவர்களுக்குக் கற்பிக்கப்படாத நெறிகள்

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையில் வீட்டு வரைபட அனுமதி வழங்கத் தொடங்கியது. 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர்கள், விதிப்படியே கட்டுகிறோம் என்று தாங்களே உறுதியளித்து இணையத்தில் விண்ணப்பித்தால், கட்டணம் கட்டியதும் அனுமதி கிடைத்துவிடும். ஒரு கையெழுத்துக்காக மாதக்கணக்கில் அலைந்த குடும்பங்களுக்கு இது பெரிய நிம்மதி. அதை மனதார வரவேற்கிறோம். ஆனால், பொறுப்பு இடம் மாறியிருப்பதையும் பார்க்க வேண்டும். முன்பு அலுவலகத்தில் யாரோ ஒருவர் வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தார். இனி பிளான் போடுகிறவரின் அறிவும் மேஸ்திரியின் கைப்பழக்கமும்தான் அந்த வீட்டுக்குக் காவல்.

அந்த அறிவைப் புதுப்பிக்க என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம்? கட்டட அனுமதிக்குக் கையெழுத்திடும் பொறியாளர்களும் கட்டடக் கலைஞர்களும் தங்கள் பதிவைப் புதுப்பிக்கும்போது, பசுமைக் கட்டட நெறிகளில் தொடர்பயிற்சி பெற்றிருப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். அந்தப் பயிற்சி தமிழில் நடக்க வேண்டும். கொத்தனார், கம்பி கட்டுபவர், பிளம்பர் வரை போய்ச் சேர வேண்டும். இதைத் தள்ளிப்போட இனி எந்தக் காரணமும் இல்லை.

நெறிகளுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. பெரிய வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்தி சேமிப்பு விதித்தொகுப்பு 2007இல் வந்தது, 2017இல் திருத்தப்பட்டது. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் நீடித்த வளத்துக்கென்றே பதினோராவது பகுதி இருக்கிறது. குடியிருப்புகளுக்காக 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' 2018இல் வெளியானது. 2022இல் எரிசக்தி சேமிப்புச் சட்டம் திருத்தப்பட்டு, குடியிருப்புகளையும் அதன் வரம்புக்குள் கொண்டுவர வழி பிறந்தது. கட்டடங்களும் கட்டுமானமும் சேர்ந்து உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் காரணம் என்பதால் இந்த அக்கறை நியாயமானதே. ஆனால், 100 கிலோவாட் மின் இணைப்பு கொண்ட அலுவலக வளாகத்துக்கு ஆலோசகர் கிடைத்துவிடுவார். ஒன்றரை கிரவுண்டில் வீடு கட்டும் ஆசிரியருக்கு யார் கிடைப்பார்? 2018ஆம் ஆண்டு நெறி 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளை, அதாவது இரண்டு கிரவுண்டுக்கும் மேற்பட்டவற்றைக் கருத்தில் கொண்டு எழுதப்பட்டது. நம் ஊர்களில் எழும் பெரும்பாலான வீடுகள் அதற்குள் வராது. சட்டம் தொடாத அந்த வீடுகளுக்குத்தான் கட்டுபவரின் படிப்பு அதிகம் தேவைப்படுகிறது.

அந்த நெறிக்குள் இருப்பது பெரிய ராக்கெட் விஞ்ஞானமும் அல்ல. ஜன்னலையே எடுத்துக்கொள்வோம். சென்னையைப் போல வெக்கையும் ஈரப்பதமும் சேர்ந்த ஊர்களில், வீட்டின் உட்பரப்பில் ஆறில் ஒரு பங்கு அளவுக்காவது காற்று புகத் திறப்பு வேண்டும் என்கிறது அது. 900 சதுர அடி வீட்டுக்கு 150 சதுர அடி. இதில் ஜன்னல் சட்டத்தின் அளவு கணக்கில் வராது, உண்மையில் திறக்கும் அளவுதான் கணக்கு. இப்போது எங்கும் மாட்டப்படும் யு.பி.வி.சி. ஸ்லைடிங் ஜன்னல் ஒரு கதவை இன்னொன்றின் பின்னால் தள்ளுகிறது, பாதிதான் திறக்கும். ஐந்துக்கு நாலு ஜன்னலில் 20 சதுர அடி போட்டு 10 சதுர அடி காற்று வாங்குகிறோம். கீல் வைத்து வெளிப்பக்கம் திறக்கும் பழைய மரஜன்னல் கிட்டத்தட்ட முழுவதும் திறந்துவிடும். செலவில் பெரிய வித்தியாசம் இல்லாத இந்த ஒரு முடிவு, அந்த வீட்டின் படுக்கையறையில் ஐப்பசி வரை ஏ.சி. ஓடுமா, மின்விசிறி போதுமா என்பதைத் தீர்மானிக்கிறது. பிளான் போடும் பொறியாளர் இதை வீட்டுக்காரரிடம் சொல்வதில்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சன்ஷேடின் கதையும் அப்படித்தான். இரண்டடி நீட்டிய சன்ஷேடு எலிவேஷனின் அழகைக் கெடுக்கிறது என்று வெட்டிவிட்டார்கள். சுவர் வழியாகவும் கண்ணாடி வழியாகவும் உள்ளே வரும் வெப்பம் சராசரியாக ஒரு சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது என்பது நெறியின் வரம்பு. அந்தக் கணக்கில் ஜன்னலுக்கு மேல் விழும் நிழலுக்குத் தனி மதிப்பு உண்டு. வாஸ்துப்படி தென்மேற்கு மூலையில் பெரிய படுக்கையறை வைக்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. பிற்பகல் வெயில் முழுவதும் விழுவதும் அந்த மூலையில்தான். குடும்பத்தின் நம்பிக்கையோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. அந்தச் சுவரை வெப்பத்தைக் குறைவாகக் கடத்தும் கல்லில் கட்டலாம், மேற்கு ஜன்னலைச் சிறிதாக்கி நிழல் கொடுக்கலாம். மாடித் தளத்தைச் சும்மா விடாமல் பாதுகாக்கலாம்: நெறி அனுமதிக்கும் அளவைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வெப்பத்தை வெறும் கான்கிரீட் தளம் கீழே இறக்குகிறது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்டு மேலே தட்டோடு பதித்த தாத்தா காலத்து மாடி அறையில் மத்தியானம் படுக்க முடிந்ததற்குக் காரணம் இருந்தது.

சிமெண்டுக்கு வருவோம். கடையில் இன்று வாங்கும் மூட்டைகளில் பெரும்பாலானவை பி.பி.சி. வகை. அதில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல் கலந்திருக்கிறது. சூளையில் சுட்டெடுக்கும் கிளிங்கர் இதில் குறைவு என்பதால் சூழலுக்கு நல்லது. முறையாகக் கையாண்டால் கட்டடத்துக்கும் நல்லது. ஆனால், அது மெதுவாக இறுகும். 2000ஆம் ஆண்டின் ஐ.எஸ். 456 தர நிர்ணயம், சாதாரண ஓ.பி.சி. சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் காட்டச் சொல்கிறது. கலப்புச் சிமெண்டுக்கும், காய்ந்த வெக்கைக் காலத்துக்கும் 10 நாள், முடிந்தால் 14 நாள். வேலைத் தளத்தில் நடப்பது என்ன? தளம் போட்ட மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். நாலாம் நாள் பாத்தி உடைந்திருக்கும். தூணுக்குச் சுற்றிய சணல் சாக்கு காய்ந்து விறைத்துப்போய் நிற்கும். சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை ஏறுகிறது என்று பிரிக்க அவசரப்படுவார்கள். பிறகு விரிசல் விழுந்தால் பழி சிமெண்டின் மேல். 'சாம்பல் கலந்தது, அதான்' என்று மேஸ்திரி சொல்வார், வீட்டுக்காரரும் நம்புவார். பசுமைப் பொருளைச் சந்தையில் இறக்கிவிட்டு, அதைக் கையாளும் முறையைக் கற்றுக்கொடுக்காததன் விளைவு இது. பொருளின் பெயரும் கெடுகிறது, வீட்டின் ஆயுளும் குறைகிறது. இருபது ஆண்டில் இடிபடும் வீட்டை எந்தத் தரச்சான்றும் பசுமை வீடாக்கிவிடாது.

அடுத்த சிமெண்டும் வாசலில் நிற்கிறது. சுண்ணாம்புக்கல்லும் சுட்ட களிமண்ணும் சேர்ந்த எல்.சி.3 வகையில் கிளிங்கர் ஏறக்குறைய பாதிதான். சென்னை ஐ.ஐ.டி. உட்பட இந்திய நிறுவனங்கள் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களோடு சேர்ந்து உழைத்த ஆராய்ச்சி அது. 2023இல் ஐ.எஸ். 18189 என்ற எண்ணில் அதற்குத் தர நிர்ணயமும் கிடைத்துவிட்டது. கிண்டியில் ஆய்வு நடந்த சிமெண்டைப் பற்றி விழுப்புரத்துக் கொத்தனாருக்கு முதலில் சொல்லப்போவது யார்? இன்றைய நிலையில், விற்பனைப் பிரதிநிதிதான். நம் கொத்தனார்களில் பெரும்பாலோருக்கு வாய்த்த ஒரே தொடர்கல்வி, சிமெண்ட், பெயிண்ட் கம்பெனிகள் கல்யாண மண்டபத்தில் நடத்தும் மேஸ்திரி மீட்டிங்குகள். சாப்பாடும் பையும் கொடுத்து அனுப்புகிறார்கள். அதில் சில நல்ல செய்திகளும் கிடைக்கின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால், விற்க வந்தவரே ஆசிரியராக இருக்கும் வகுப்பில், எந்தப் பொருள் வேண்டாம் என்ற பாடம் ஒருநாளும் நடக்காது.

விதி மட்டும் போட்டுப் பாடம் நடத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழகத்திடமே பெரிய சான்று இருக்கிறது. 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. நாடே வியந்த துணிச்சலான முடிவு. சென்னையின் நிலத்தடி நீர் அதனால் பலன் கண்டது. அதே நேரத்தில், கெடு தேதிக்குள் முடிக்க வேண்டும் என்ற பதற்றத்தில், மாடிக் குழாயை ஏதோ ஒரு குழியில் செருகி விட்ட வீடுகளும் ஏராளம். எந்த மண்ணில் எவ்வளவு ஆழம், வடிகட்டிக்கு எந்த வரிசையில் கூழாங்கல்லும் மணலும், ஆண்டுக்கு ஒருமுறை வண்டலை யார் வாருவது என்பதெல்லாம் குழி தோண்டியவருக்குத் தெரியாது. சில மழைக்காலங்களில் குழி அடைத்துக்கொண்டது. 2019 கோடையில் சென்னை லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றபோது, அந்தக் குழிகளில் எத்தனை உயிரோடு இருந்தன என்ற கேள்வி நமக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

படித்தவர்களுக்கு இதைக் கற்கும் வாய்ப்புகள் இல்லாமல் இல்லை. ஐ.ஜி.பி.சி., கிரிஹா, லீட் என்று பசுமைக் கட்டட மதிப்பீட்டு முறைகள் ஒவ்வொன்றுக்கும் தேர்வும் பட்டமும் உண்டு. லீட் பட்டம் பெற்றவர் அதைத் தக்கவைக்க இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கற்றல் நேரத்தைக் கணக்குக் காட்ட வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால், அந்தத் தேர்வுகள் விருப்பப்பட்டவர்களுக்கு, பெரும்பாலும் ஆங்கிலத்தில், கட்டணமும் அதற்கேற்றபடி. பழைய மகாபலிபுரம் சாலையின் ஐ.டி. வளாகங்களில் பிளாட்டினம் தகடுகள் மின்னுவதற்கு அவை உதவியிருக்கின்றன. தாம்பரத்துக்கு அப்பால் வரிசையாக எழும் தனி வீடுகளுக்கு அவை வந்து சேரவில்லை.

நம்மவர்களால் கற்க முடியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போகும் நம் இளைஞர்கள், அந்நாட்டுக் கட்டடத் துறை ஆணையத்தின் திறன் தேர்வைத் தமிழ்நாட்டில் உள்ள மையங்களிலேயே எழுதித் தேர்ச்சி பெற்ற பிறகுதான் விமானம் ஏறுகிறார்கள். டைல்ஸ் பதிப்பவர் பதித்துக் காட்ட வேண்டும், கம்பி கட்டுபவர் கட்டிக் காட்ட வேண்டும். அங்கே பொறியாளரும் தம் தொழில் சான்றைப் புதுப்பிக்கத் தொடர்கல்வி பெற்றாக வேண்டும். புதுக்கோட்டைப் பையன் சிங்கப்பூர்க்காரர் வீட்டுக்காகப் பயிற்சி பெற்றுத் தேர்வு எழுதுகிறான்; அவனுடைய அப்பா அம்மாவுக்கு ஊரில் வீடு கட்டுகிறவரிடம் நாம் எதையும் கேட்பதில்லை. இந்த வேறுபாடு மனதை வருத்துகிறது.

கட்டாயம் என்றதும் எழும் மறுப்புகளை அறிவோம். இன்னொரு சான்றிதழ், இன்னொரு வசூல், இன்னொரு இடைத்தரகர் என்ற பயம் நியாயமானது. மண்டபத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துக் கிளம்பும் கருத்தரங்காக இது முடிந்துவிடக் கூடாது. அதனால்தான் நேரத்தைக் குறைவாகவும் தேர்வைக் கறாராகவும் வைக்கச் சொல்கிறோம். மருத்துவர்களுக்கு ஐந்து ஆண்டுக்கு 30 மணி நேரத் தொடர்கல்வி என்ற அளவு நெடுநாளாக இருக்கிறது; பொறியாளருக்கும் அதுவே போதும். அதில் பாதியாவது வேலை நடக்கும் தளத்தில் நடக்கட்டும். தாம் அனுமதிக்கு அனுப்பிய வீடுகளில் ஒன்றுக்கு ஜன்னல் திறப்பையும் சுவர் வெப்பத்தையும் கணக்கிட்டுக் காட்டுவதே தேர்வாக இருக்கட்டும். விற்பனை நிறுவனங்கள் நடத்தும் கூட்டங்கள் இந்த நேரக் கணக்கில் சேரவே கூடாது. வரைபடங்களைப் பரிசீலிக்கும் நகராட்சி, ஊராட்சிப் பொறியாளர்களுக்கும் இதே பாடம், இதே தேர்வு. செலவு கூடும் என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: கீல் ஜன்னலும் சன்ஷேடும் பத்து நாள் தண்ணீரும் ஆடம்பரங்கள் அல்ல. ஏ.சி. வாங்க முடியாத குடும்பத்துக்குத்தான் இந்தப் பாடத்தின் பலன் முதலில் போய்ச் சேரும்.

பாடநூல் எழுத ஆள் தேட வேண்டியதில்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2010 முதல் சிவில் பொறியியலைத் தமிழ் வழியில் கற்பிக்கிறது. வேலைச் சந்தையில் தமிழ்வழிப் பட்டதாரிகள் என்று ஒதுக்கப்பட்ட அவர்களைப் போலப் பொறியியலையும் மேஸ்திரியின் பேச்சையும் ஒருங்கே அறிந்தவர்கள் அரிது. படத்தோடு கூடிய கையேட்டை அவர்களைக் கொண்டு எழுதலாம். ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்து நம் தளங்களில் கலவை சுமக்கிறவர்களுக்கு ஒடியாவிலும் இந்தியிலும் வங்க மொழியிலும் அதே கையேடு வேண்டும்.

பணமும் இருக்கிறது. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நலவரியாகக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்குப் போகிறது. திறன் பயிற்சி வாரியத்துக்குப் புதிய வேலை அல்ல. ஆனால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எந்தக் கொத்தனாரும் சித்தாளும் வகுப்புக்கு வர மாட்டார்கள். வரச் சொல்வதும் தவறு. பயிற்சி நாளுக்குரிய முழுக் கூலியையும் வாரியமே தர வேண்டும். பதிவு பெற்ற வல்லுநர்களுக்கான நிபந்தனையை 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் ஒரு திருத்தமாகவே சேர்த்துவிடலாம். வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறை அந்த விதிகளை அவ்வப்போது திருத்திக்கொண்டுதான் இருக்கிறது. உயரத்துக்கும் தளப்பரப்புக்கும் சலுகை வழங்கும் அடுத்த திருத்தம் வரும்போது, இந்த நிபந்தனையும் அதே அரசாணையில் இடம்பெற வேண்டும்.