எலிமென்ட்டை மாற்றும் முன்

ஐப்பசி மழை பிடித்துவிட்டது. இனி தை முடியும்வரை நம் கைப்பேசிகள் ஓயாது. கோடை முழுவதும் தொடாமல் கிடந்த கீசரை ஒருநாள் காலையில் போடுகிறார்கள். போட்ட நொடியில் வீடே அணைகிறது. "கீசர் போட்டா ட்ரிப் ஆகுது, சீக்கிரம் வாங்க" என்று அழைப்பு வருகிறது. நாமும் பையில் ஒரு 2 கிலோவாட் எலிமென்ட்டையும் ஒரு தெர்மோஸ்டாட்டையும் போட்டுக்கொண்டு கிளம்புகிறோம். வாசலைத் தாண்டும் முன்பே எதை மாற்றப்போகிறோம் என்பது முடிவாகிவிடுகிறது. இந்தப் பழக்கம் நம் தொழிலை உள்ளிருந்தே அரிக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். பாகம் மாற்றத் தெரிந்தவர்களுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. அது ஏன் போனது என்று அளந்து சொல்பவர்கள்தான் அருகி வருகிறார்கள்.

ட்ரிப் ஆவதையே முதலில் எடுத்துக்கொள்வோம். எலிமென்ட்டின் நிக்ரோம் சுருளுக்கும் வெளிக்குழாய்க்கும் நடுவே மெக்னீசியம் ஆக்சைடு தூள் இறுக்கி அடைக்கப்பட்டிருக்கிறது. சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைத் தடுக்கும் அருமையான பொருள் அது. ஆனால் ஈரத்தை விடாமல் உறிஞ்சும். முனையில் உள்ள சீல் லேசாக விட்டிருந்தாலே போதும். மாதக்கணக்கில் சும்மா கிடந்த எலிமென்ட் காற்றிலிருந்தே ஈரம் குடித்துவிடும். இன்னொரு வகை, குழாயே விரிசல் விட்டுத் தண்ணீர் உள்ளே போவது. வெளியே தெரியும் அறிகுறி இரண்டுக்கும் ஒன்றுதான்: ஆர்.சி.சி.பி. விழுகிறது. வைத்தியமோ வேறு வேறு.

மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பார்த்துவிட்டு "பாடி ஷார்ட் இல்லை" என்று சொல்வதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மல்டிமீட்டர் சோதிப்பது சில வோல்ட்டில். கீசர் ஓடுவது 230 வோல்ட்டில். 500 வோல்ட் மெகர் இல்லாமல் இந்தக் கேள்விக்கு விடை கிடையாது. எலிமென்ட்டின் இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, முனைக்கும் குழாய்க்கும் நடுவே அளந்து எழுதிவையுங்கள். பிறகு எலிமென்ட்டைப் பட்டறைக்குக் கொண்டுபோய் 120 டிகிரியில் சில மணி நேரம் காயவைத்து, ஆறியதும் மறுபடி அளந்து பாருங்கள். அளவு மெகா ஓம்களில் ஏறினால் ஈரம் மட்டுமே. முனையைப் புதிதாக சீல் செய்து திரும்பப் போடலாம். ஏறாமல் நின்றால் குழாய் போய்விட்டது, மாற்றியே ஆகவேண்டும். 'தண்ணீரோடு கொஞ்ச நேரம் ஓடவிட்டால் தானே காய்ந்துவிடும்' என்று ஆர்.சி.சி.பி.யைத் தவிர்த்து நேரடியாக லைன் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த அரைமணி நேரத்தில் யார் குழாயைத் திறப்பார்கள் என்பது நம் கையில் இல்லை.

கணக்கையும் கையில் வைத்திருப்பது நல்லது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15-க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம், 30-க்குள் விழுந்தே தீரவேண்டும். கீசர் போன்ற நிலையான சூடேற்றும் சாதனத்துக்குத் தரவிதி அனுமதிக்கும் கசிவோ கிலோவாட்டுக்கு 0.75 மில்லி ஆம்பியர், அதாவது 2 கிலோவாட்டுக்கு ஒன்றரைதான். ஒழுங்கான கீசருக்கும் ட்ரிப் ஆகும் கீசருக்கும் இடையே பத்து மடங்கு இடைவெளி இருக்கிறது. ஆர்.சி.சி.பி. விழும்வரை காத்திராமல், அந்த இடைவெளியிலேயே கெடுதலைப் பிடித்துவிடலாம்.

சுவிட்ச் ஆஃப்பில் இருக்கும்போதே ட்ரிப் ஆகிறது என்று சில வீடுகளில் சொல்வார்கள், கேட்பவர் நம்பமாட்டார். எலிமென்ட்டின் நியூட்ரல் பக்க முனைக்கு அருகில் விரிசல் இருந்தால் அப்படித்தான் நடக்கும். சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் வெட்டுகிறது. நியூட்ரல் எர்த்தோடு தொட்டுக்கொண்டே இருக்கிறது. வீட்டில் வேறு ஏதோ ஒன்று, மிக்ஸியோ மோட்டாரோ, ஓடினால் அதன் நியூட்ரல் கரன்ட்டில் ஒரு பங்கு எர்த் வழியாகப் போய் ஆர்.சி.சி.பி.யை விழவைக்கிறது. பழி மிக்ஸி மேல் விழும். கீசர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்த புகார், "தண்ணி சூடாகல". இதற்கு மூடியைத் திறக்கும் முன் கிளாம்ப் மீட்டரைப் போடுங்கள். 230 வோல்ட்டில் 2 கிலோவாட் எலிமென்ட் 8.7 ஆம்பியர் இழுக்கவேண்டும். எலிமென்ட்டின் ரெசிஸ்டன்ஸ் 26 ஓமுக்குக் கொஞ்சம் மேலே. கரன்ட் சரியாக இருந்தால் எலிமென்ட் சரியாக இருக்கிறது, குறை வேறெங்கோ. வோல்டேஜையும் சேர்த்தே பாருங்கள். லைனின் கடைசியில் இருக்கும் வீட்டுக்கு விடியற்காலையில் 180 வோல்ட்தான் வருகிறதென்றால், அதே எலிமென்ட் 1,225 வாட்தான் தரும். 15 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற 17 நிமிடம் ஆகவேண்டியது 27 நிமிடம் ஆகும். அங்கே புது எலிமென்ட் போட்டால் பணம்தான் வீண். மறுவாரம் அதே அழைப்பு வரும்.

கரன்ட்டும் வோல்டேஜும் சரி, டேங்க்கைத் தொட்டால் சுடுகிறது, குழாயில் மட்டும் வெதுவெதுப்பு. இப்போதெல்லாம் இது அதிகம் வருகிறது. மிக்ஸரின் இரண்டு பக்கத்தையும் திறந்துவைத்துவிட்டு, கைஷவரின் பொத்தானில் மட்டும் தண்ணீரை நிறுத்துகிறார்கள். வெளியே போக வழியில்லாத பச்சைத்தண்ணீர், பிரஷர் கூடுதலாக இருந்தால், மிக்ஸருக்குள்ளேயே வெந்நீர் லைனுக்குத் தாவிவிடும். கீசரின் இன்லெட் வால்வை மூடிவிட்டு வேறு ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். சற்று நேரத்தில் நிற்கவேண்டிய தண்ணீர் நிற்காமல் ஓடினால் கீசரில் குற்றமே இல்லை. இதைக் கண்டுபிடித்துச் சொன்ன ஒருவரை அந்த வீட்டுக்காரர் மறக்கமாட்டார்.

இனி உப்பு. நம் ஊரில் கீசரைக் கொல்வதில் முதல் இடம் இதற்குத்தான். போர் தண்ணீர் ஓடும் வீட்டில் மூன்று நான்கு வருடம் திறக்காத கீசரின் பிளேஞ்சைக் கழற்றினால், எலிமென்ட் தனியாக வராது. மங்கிய வெள்ளையில், விரல் தடிமனுக்கு ஓடு கட்டியிருக்கும். அடியில் செதில் செதிலாக உதிர்ந்தது கால் டேங்க் வரை நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் ஓடு உடையும், உள்ளே குழாய் கறுத்துப் புள்ளி விழுந்திருக்கும். ஆனோட் ராட் இருந்த இடத்தில் ஒரு கம்பி மட்டும் மிச்சம்.

தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூட்டில் உடைந்து கார்பனேட்டாகப் படிகிறது. எது அதிகம் சுடுகிறதோ அதன்மேல்தான் முதலில் படியும், அதாவது எலிமென்ட் மேல். ஓடு தடிக்கத் தடிக்கச் சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே தங்குகிறது. சுருள் தன் அளவை மீறிச் சிவந்து அறுகிறது, அல்லது குழாய் வெடிக்கிறது. ஓட்டைச் சுத்தம் செய்யாமல், ஆனோட்டைப் பார்க்காமல், புது எலிமென்ட்டை மட்டும் மாட்டிவிட்டு வந்தால் அதன் ஆயுள் பழையதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். "கம்பெனி சரக்கு இல்லைங்க, அதான்" என்று அடுத்த முறை சமாளிக்கிறோம். சரக்கின்மேல் எந்தத் தப்பும் இல்லை.

60 டிகிரிக்கு மேல் படிவு வேகமெடுக்கும். குளிக்க 40 டிகிரி போதும் என்னும்போது 75-ல் வைத்திருப்பது எலிமென்ட்டுக்கும் கரன்ட் பில்லுக்கும் கேடு. 60-ல் வைத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். அதற்கும் மிகக் கீழே இறக்கவேண்டாம். 50-க்குக் கீழே தேங்கும் வெந்நீரில் கிருமி வளரும். தண்ணீரின் கடினத்தை அறிய டி.டி.எஸ். மீட்டர் போதாது, அது எல்லா உப்பையும் சேர்த்துத்தான் காட்டும். கடினத்துக்கென்று சொட்டுவிட்டு நிறம் பார்க்கும் சிறு கிட் கிடைக்கிறது. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 ஏற்கத்தக்க கடினமாகச் சொல்வது லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீரே இல்லையென்றால் 600 வரை. 600-ஐத் தொடும் தண்ணீர் உள்ள வீட்டில் வருடத்துக்கு ஒருமுறையாவது திறந்து பார்த்தே ஆகவேண்டும் என்று நேராகச் சொல்லிவிடுவது நல்லது.

சுத்தம் செய்யக் கழிவறை ஆசிட்டை ஊற்றும் வழக்கத்தை விட்டொழிப்போம். நுரைத்துக்கொண்டு நொடியில் கரைவது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் உப்போடு நிற்காது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குழி விழவைக்கும், பற்றவைப்பைத் தின்னும். எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்து ஊறவிட்டால் நேரம் கூடுதலாகும், டேங்க் பிழைக்கும். திரும்ப மாட்டியதும் வெந்நீர்க் குழாயில் தண்ணீர் நிரம்பி வருவதைப் பார்த்த பிறகே சுவிட்சைப் போடவேண்டும் என்பதைப் புதுப் பையன்களுக்கு மறக்காமல் சொல்லிக்கொடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் திறமை பற்றியது. இனிச் சொல்வது உயிர் பற்றியது.

கட்-அவுட் அடிக்கடி விழுகிறது என்பதற்காக அதன் இரண்டு முனையையும் ஒரு வயரால் இணைத்துவிட்டு வருபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சேஃப்டி வால்வு சொட்டுகிறது என்பதற்காக அதன் வாயை எம்-சீல் வைத்து அடைப்பவர்களும் இருக்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் சின்ன உதவி மாதிரித் தெரியும். ஒரே கீசரில் இரண்டும் சேர்ந்தால், அன்றைக்குத் தெர்மோஸ்டாட்டும் ஒட்டிக்கொண்டால், அந்தக் குளியலறையில் தொங்குவது வெடிகுண்டு. 8 பார் அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்க 170 டிகிரியைத் தாண்டவேண்டும். அந்த நிலையில் டேங்க் கிழிந்தால், உள்ளிருக்கும் தண்ணீரில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு கண்ணிமைக்கும் நேரத்தில் ஆவியாகும். 15 லிட்டரில் இரண்டு லிட்டர். ஆவியானால் மூவாயிரம் லிட்டருக்கு மேல். கதவு சாத்திய சின்ன அறையில் அது என்ன செய்யும் என்று நான் விவரிக்கவேண்டியதில்லை.

வால்வு சொட்டுவது பெரும்பாலும் கோளாறே அல்ல. 25 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது சுமார் மூன்றில் ஒரு பங்கு லிட்டர் விரிகிறது. இன்லெட்டில் நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தால் அதற்குத் திரும்பிப்போக வழியில்லை. சேஃப்டி வால்வு வழியாகத்தான் வெளியேறும். சூடாகும்போது மட்டும் சொட்டினால் அது தன் வேலையைச் செய்கிறது. ஒரு சின்ன ட்யூபைப் போட்டு வடிகாலுக்கு இறக்கிவிடுங்கள். ஆறிய பிறகும் சொட்டினால் வால்வு சீட்டில் உப்பு உட்கார்ந்திருக்கலாம், பிரஷர் பம்ப் அதிகமாகத் தள்ளலாம், அதைப் பாருங்கள். கட்-அவுட் விழுந்தாலும் அப்படித்தான்: ஒட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட்டா, உப்பு மூடிய எலிமென்ட்டா என்று பார்க்காமல் ரீசெட் பொத்தானை அமுக்கிவிட்டு வரக்கூடாது.

எர்த் விஷயமும் இதே வகை. பழைய வீட்டில் எர்த் வயர் இல்லையென்றால் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்த மறுநிமிடம் கீசர் பாடி முழுக்க ஃபேஸ். நனைந்த உடம்போடு வெறுங்காலில் நிற்பவர் அதைத் தொடுவார். எர்த் இல்லாத வீட்டில், முதலில் எர்த் இழுத்த பிறகுதான் கீசர் என்று சொல்லிவிட்டு எழுந்து வரும் துணிவு நமக்கு வேண்டும். சாக்கெட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பிளக் முனையில் 0.2 ஓம் தளர்வு இருந்தாலே 8.7 ஆம்பியரில் 15 வாட் சூடு அங்கேயே கிளம்பும். ஒரு சின்ன சால்டரிங் அயர்னைச் சாக்கெட்டுக்குள் செருகிவைத்த மாதிரி. கேஸ் கீசர் பற்றித் தனியாக எழுதவேண்டும். இப்போதைக்கு ஒன்று மட்டும்: அதைக் குளியலறைக்குள் மாட்டச் சொன்னால் மாட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

இவ்வளவும் அளந்து பார்க்க நேரமாகும், வீட்டுக்காரர் பாகத்துக்குத்தான் காசு கொடுப்பார், பார்த்ததற்குக் கொடுக்கமாட்டார் என்று பலர் சொல்கிறார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் அப்படி அவரைப் பழக்கியது நாம்தான். பார்க்கும் கட்டணத்தைத் தொலைபேசியிலேயே தனியாகச் சொல்லிவிடுங்கள். கீசரின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, தேதி, எலிமென்ட் ஓம், மெகர் அளவு, ஆனோட் எவ்வளவு மிச்சம், தண்ணீரின் கடினம் என்று ஐந்து வரி எழுதிவிட்டு வாருங்கள். அடுத்து வருபவர் யாராக இருந்தாலும் அந்த ஐந்து வரியிலிருந்து தொடங்கலாம்.

அடுத்த இதழிலிருந்து இந்த அளவுகளுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். எந்த ஊர், என்ன தண்ணீர், ஆனோட் எத்தனை மாதம் தாங்கியது, எலிமென்ட் எப்படிப் போனது என்று எழுதி அனுப்புங்கள். வீட்டுக்காரர் பெயரும் கம்பெனி பெயரும் வேண்டாம். கழற்றிய ஆனோட்டின் படம் இருந்தால், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுத்து அனுப்பவும்.