ஆறு மாத "நர்சிங்"கும் அடகுக்குப் போன தோடும்



நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன்தான், ஆனால் இரண்டு நாள் ஆறவிட்டுத்தான் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டு இறங்கும்போது கேட் அடியில் ஒரு தகப்பன் நின்றார். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம். மகள் என்னிடம் இரண்டு வருடம் இரசாயனவியல் படித்தவள். உயர்தரத்தில் உயிரியலும் இரசாயனமும் சித்தி, பௌதிகம் மட்டும் கைவிட்டது. அடுத்த தடவை எழுது, விடாதே என்று சொல்லி அனுப்பியிருந்தேன்.

"டீச்சர், புள்ளய நர்சிங்ல சேத்துட்டேன். ஆறு மாசந்தானாம். முடிஞ்சா நேரா வெளிநாடாம்" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். கையில் ஒரு துண்டுப்பிரசுரம். வெள்ளை உடுப்பில் ஒரு பெண், கழுத்தில் ஸ்டெதஸ்கோப், பின்னால் விமானம். முதல் தவணைக் காசுக்கு வீட்டுக்காரியின் தோடு அடகுக்குப் போயிருக்கிறது. நாட்சம்பளம் 1,350 ஆனதே 2024 இல்தான். அதுவும் பேர் விழுந்தால்தான். அந்த வீட்டில் தோடு என்றால் என்ன என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அந்த இடத்தில் அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

அது நர்சிங் இல்லை.

இந்த நாட்டில் தாதி என்று வேலை செய்ய இலங்கைத் தாதியர் சபையில் பதிவு வேண்டும். அந்தச் சபை 1988 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்தது. ஆறு மாதத் தனியார் சான்றிதழைக் கொண்டுபோய் அங்கே பதிய முடியாது. அந்தச் சான்றிதழுக்குக் கிடைப்பது உதவியாளர் வேலை, அல்லது முதியோரைப் பராமரிக்கும் வேலை. நான் அந்த வேலையைக் கேவலமாகச் சொல்லவில்லை. படுக்கையில் கிடக்கும் ஒரு மனிதரைக் குளிப்பாட்டி உணவூட்டுவது எந்த வேலையையும்விடக் குறைந்ததல்ல. அதற்கு முறையான என்.வி.கியூ தராதரமே இருக்கிறது. அதை அதன் பெயரைச் சொல்லி விற்கட்டும். "பராமரிப்பாளர் பயிற்சி" என்று போட்டால் விண்ணப்பம் குறையும் என்று தெரிந்துதான் "நர்சிங்" என்று போடுகிறார்கள். ஒரு தகப்பன் தன் மகளை மிஸ்ஸி ஆக்குவதாக நினைத்துக் காசு கட்டுகிறார். இதற்கு ஏமாற்று என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பிள்ளை இழப்பது ஆறு மாதமும் ஒரு தோடும் மட்டுமென்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். உண்மையான தாதியர் படிப்பு ஒரு ஏணி. அவளை அதன் முதல் படியிலேயே ஏறவிடாமல் பக்கத்தில் ஒரு முக்காலியைக் காட்டி உட்கார வைக்கிறார்கள்.

ஏணி எப்படி இருக்கிறது பாருங்கள். விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் சித்தியடைந்தால் சுகாதார அமைச்சு வர்த்தமானியில் விண்ணப்பம் கோரும்போது போடலாம். தெரிவானால் அரச தாதியர் கல்லூரியில் மூன்று வருடம். கட்டணம் இல்லை, மாதம் மாதம் கொடுப்பனவும் உண்டு. கண்டியில், பதுளையில், யாழ்ப்பாணத்தில், மட்டக்களப்பில் எல்லாம் கல்லூரிகள் இருக்கின்றன. டிப்ளோமாவோடு பதிவு, அரச நியமனம், ஓய்வூதியம். அங்கேயே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. திறந்த பல்கலைக்கழகம் 1994 இலிருந்து வேலையில் இருக்கும் தாதியருக்குப் பட்டப்படிப்பு நடத்துகிறது. இரவு டியூட்டி முடித்து, பிள்ளையைத் தூங்க வைத்து, பாடப் புத்தகத்தைத் திறந்து பட்டம் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். இசட் புள்ளி கைகொடுத்தால் பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு, ஸ்ரீ ஜயவர்தனபுர என்று நேரடியாகவே தாதியியல் பட்டத்துக்குப் போகலாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தாதியியலுக்கென்று ஒரு பீடமே இருக்கிறது. அதற்கு மேல் முதுமாணி, கலாநிதி. வார்டில் வேலை செய்தவள் விரிவுரையாளராகலாம்.

வெளிநாட்டுக் கதவும் இந்தப் பதிவுக்குத்தான் திறக்கும், துண்டுப்பிரசுரத்துக்கு இல்லை. இங்கிலாந்து என்றால் ஆங்கிலப் பரீட்சை, ஐ.ஈ.எல்.டி.எஸ் அல்லது ஓ.ஈ.டி. பிறகு கணினியில் ஒரு பரீட்சை, அங்கே போன பின் செய்முறைப் பரீட்சை. வளைகுடா என்றால் சான்றிதழ்களைத் தேடிப் பிடித்துச் சரிபார்ப்பார்கள், பிறகு பிரோமெட்ரிக் பரீட்சை. அமெரிக்கா என்றால் என்கிளெக்ஸ். அங்கே "டிராவல் நர்ஸ்" என்று ஒரு வகை இருக்கிறது. பெரும்பாலும் 13 வாரம் ஒரு ஆஸ்பத்திரியில் ஒப்பந்தம், முடிந்தால் வேறு மாநிலத்தில் வேறு ஆஸ்பத்திரி. கொவிட் காலத்தில் அவர்களுக்குக் கொடுத்த சம்பளம் அங்கேயே பெரிய சர்ச்சையானது. மாஸ்டர்ஸ் முடித்த தாதி அங்கே நோயாளியைப் பரிசோதித்து மருந்தும் எழுதலாம். இந்த வேலைகளில் எதற்கும் ஆறு மாதச் சான்றிதழைக் காட்டி உள்ளே போக முடியாது.

இதை ஆசிரியர் அறையில் சொன்னபோது ஒரு சேர் சொன்னார்: "நீங்களே புள்ளைகள வெளிநாட்டுக்கு அனுப்பப் பாக்கிறீங்க. இங்க வார்டுல ஆள் இல்ல. இது நாட்டுக்குச் செய்ற துரோகம்."

எனக்கு இந்தத் துரோகக் கதையில்தான் வயிறு எரிகிறது.

நாற்பது வருடமாக இந்த மலையிலிருந்து பெண்கள் வளைகுடாவுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகிறார்கள். பால்குடி மறக்காத பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். சிலர் பெட்டியில் வந்து சேர்ந்தார்கள். அப்போது யாரும் மூளைசாலி வெளியேற்றம் என்று அழவில்லை. அந்நியச் செலாவணி என்று கணக்குப் போட்டுக் கைதட்டினோம். அதே லயத்திலிருந்து ஒருத்தி பட்டமும் பதிவும் எடுத்து, தன் பெயரில் ஒப்பந்தம் எழுதி, தாதியாகப் போனால் மட்டும் தேசப்பற்று வந்துவிடுகிறது. அரசாங்கமே 2022 ஜூனில், டொலர் இல்லாத நேரத்தில், அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமில்லா விடுமுறையில் வெளிநாடு போகலாம், சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்காது என்று சுற்றறிக்கை விட்டது. அரசு சொன்னால் கொள்கை, எங்கள் பிள்ளை போனால் துரோகமா?

வார்டில் ஆள் இல்லை என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. உலகம் முழுக்க அதே நிலைமைதான். 2020 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி 59 இலட்சம் தாதியர் போதாமல் இருந்தது. வேலை செய்யும் தாதியரில் எட்டில் ஒருவர் பிறந்த அல்லது படித்த நாட்டுக்கு வெளியே இருந்தார். பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். அங்கே அரசாங்கத்தின் நோர்க்கா நிறுவனமே ஜெர்மனியோடு ஒப்பந்தம் போட்டு, ஜெர்மன் மொழியும் படிப்பித்துத் தாதியரை அனுப்புகிறது. தரகருக்குக் காசு கட்டத் தேவையில்லை. போகிறவளைத் திட்டிப் பயன் இல்லை. பத்துப் பேர் போனால் இருபது பேரைப் பயிற்றுவிக்க வேண்டும். அந்த இருபது பேரில் எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர்?

டிக்கோயாவில் இந்திய உதவியில் 150 கட்டில் ஆஸ்பத்திரி கட்டி 2017 மே மாதம் மோடியே வந்து திறந்தார். நோர்வூட் மைதானத்தில் அன்று நின்ற கூட்டம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கட்டடம் தந்தார்கள், நன்றி. தமிழ் பேசும் தாதியை யாரும் பரிசாகத் தரமாட்டார்கள். போன வருடம் வேறொரு ஆஸ்பத்திரியில் என் உம்மாவுக்குத் துணைக்கு இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் கொழுந்து எடுக்கும் ஒரு அம்மா. எங்கே வலிக்கிறது என்று மிஸ்ஸி சிங்களத்தில் கேட்கிறார், அந்த அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். கடைசியில் நான் மொழிபெயர்த்தேன். அந்த மிஸ்ஸியில் ஒரு குறையும் இல்லை, ஓடி ஓடி வேலை செய்தார். நான் அங்கே இல்லாத நாட்களில் யார் மொழிபெயர்த்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

ஆசிரியர் பற்றாக்குறை என்று கத்தி, பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியை வாங்கினோம். அதில் படித்தவர்கள்தான் இன்று பாதித் தோட்டப் பாடசாலைகளைத் தாங்குகிறார்கள். அதே மாதிரி ஒரு தாதியர் கல்லூரியைக் கேட்டு நம் பிரதிநிதிகள் ஏன் அதே சத்தத்தில் கத்துவதில்லை? 2023 இல் மலையகம் 200 என்று நடந்தோம், பாடினோம், மேடை போட்டோம். அந்த மேடைகளில் இதை எத்தனை பேர் சொன்னீர்கள்?

இனி என் வீட்டுப் பக்கம்.

எங்கள் ஆட்களில் மகள் டொக்டர் என்றால் ஊருக்கே சொல்வோம். நர்ஸ் என்றால் "இரவு டியூட்டி, ஆண் நோயாளி, மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வது" என்று முகம் சுருங்கும். டொக்டருக்கு இரவு டியூட்டி இல்லையா? ருஃபைதா (ரழி) அவர்கள் பள்ளிவாசலில் கூடாரம் அடித்துக் காயப்பட்டவர்களைப் பராமரித்த வரலாற்றைப் பெண்கள் பயானில் கேட்டுக் கண் கலங்குவோம். அகழ்ப் போரில் காயப்பட்ட ஸஅத் (ரழி) அவர்களை நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அந்தக் கூடாரத்துக்குத்தான் அனுப்பினார்கள். பயான் முடிந்து வீட்டுக்கு வந்து அதே வேலைக்கு மகள் விண்ணப்பித்தால் ஃபோமைக் கிழிக்கிறோம். பிறகு பிரசவ வார்டில் ஒரு முஸ்லிம் பெண் தாதி இல்லையே என்று குறை வேறு. சபூர் செய்து கேளுங்கள், உங்கள் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் வீட்டிலும் நடந்தது. என் சாச்சியின் மகளுக்கு அனுமதிக் கடிதமே வந்தது, போகவிடவில்லை.

ஆசிரியர்களாகிய நாங்களும் சுத்தம் இல்லை. சாதாரண தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் நல்லாகச் செய்த பிள்ளையை "தூரப் பாடசாலைக்குப் போய்க் கஷ்டப்படாதே, இங்கேயே கலைப்பிரிவு செய்" என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்? ஹட்டனில் ஹைலன்ஸ் போல விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைக்கு மஸ்கெலியாவின் ஒரு மூலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வர முடியாது. விடுதி வேண்டும், பஸ் காசு வேண்டும். நகரத்தில் கடை வைத்திருக்கும் எங்கள் ஆட்கள் நினைத்தால் நாலு பிள்ளைகளின் பஸ் சீசனைக் கட்டலாம். ஸகாத் கணக்குப் பார்க்கும் மாதத்தில் எல்லோருமே தோட்டத்துக் கடன் கொப்பியையும் திறந்து பார்க்கிறீர்கள்தானே. அந்தக் கொப்பியால்தான் கடை நின்றது.

நேற்று அந்தப் பிள்ளையை வரச் சொன்னேன். அம்மாவும் கூட வந்தார். எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். கட்டிய காசைத் திருப்பித் தரமாட்டார்களாம். பிள்ளை அழவில்லை. "டீச்சர், பௌதிகத்துக்கு யாரு சொல்லிக் குடுப்பாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

எங்கள் பாடசாலையில் பௌதிகவியலுக்கு இப்போது ஆசிரியர் இல்லை. சனிக்கிழமை காலையில் இரண்டு மணித்தியாலம் தரக்கூடிய யாராவது ஹட்டன், டிக்கோயா, கொட்டகலைப் பக்கம் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். பஸ் காசும் பகல் சாப்பாடும் என் பொறுப்பு. அவளோடு இன்னும் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள்.