டோக்கியோ அரங்கமும் ஜனங்களின் பணமும்

பொதுப்பணத்தில் கட்டடம் எழுப்பும் எந்தச் சர்க்காரும், ஜப்பானியத் தலைநகரில் ஒலிம்பிக் பந்தயங்களுக்கென எழுந்த தேசிய அரங்கத்தின் விருத்தாந்தத்தைக் கருத்தூன்றிப் படிக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். 2012-ல் ஜஹா ஹதீத் அம்மையாரின் திட்டத்தைத் தெரிந்தெடுத்தபோது 13,000 கோடி யென் போதுமென்றார்கள். 2015-ல் மதிப்பு 25,200 கோடியாயிற்று! கூரை தாங்கும் இரு பிரம்மாண்டமான இரும்பு வளைவுகளே காரணமென்றனர் சர்க்கார் தரப்பார். அம்மையாரின் காரியாலயத்தார் அதை மறுத்தனர். கண்டனம் முற்றவே, அவ்வருஷம் ஜூலையில் பிரதம மந்திரி ஆபே திட்டத்தையே ரத்து செய்தார். மரத்தை மிகுதியாகக் கையாண்டு, சுமார் 14,900 கோடி யென்னில் கெங்கோ கூமா வகுத்த திட்டம் ஏற்கப்பட்டு, 2019 நவம்பரில் வேலை முடிந்தது.

அஸ்திவாரம் தோண்டுமுன் காகிதத்திலேயே கோட்டை அழித்தது விவேகம்தான். அதைச் செய்ய மூன்று வருஷமா வேண்டும்? கணக்குத் தெரிந்த ஒருவர் முதல் நாளே சொல்லியிருப்பார். வளைவுகளைக் கைவிட்டதை நாம் மெச்சுகிறோம். ஆனால் அதே கத்தரியால் பார்வையாளர் ஆசனங்களுக்கான குளிர்சாதன வசதியையும் வெட்டிவிட்டார்கள். தொற்றுநோயால் 2021-ல் பந்தயங்கள் காலி ஆசனங்களின் முன் நடந்தது வேறு விஷயம். ஆடம்பரத்தைக் குறைப்பதும் ஜனங்களின் சௌகரியத்தைக் குறைப்பதும் ஒன்றென நினைக்கும் சிக்கனத்தை நாம் ஒப்புவதற்கில்லை.