மாட்டுக்கும் பல்லு, ரீலுக்கும் பல்லு!

போன வாரம் மதிய இடைவேளையில் பக்கத்து பெஞ்சு நண்பன் செல்போனை நீட்டினான். "மாப்ள, ரெண்டு ரீல் பார்த்து வச்சிருக்கேன். எதை வாங்கட்டும், சொல்லுல" என்றான்.

முதலாவது, விலை 2,200 ரூபாய். பதினெட்டு பேரிங், பத்து கிலோ டிராக், பளபளன்னு சிவப்பு கலர். இரண்டாவது, அமெரிக்காவில் மஸ்கி மீன் பிடிக்கிறவர்கள் பரிந்துரைக்கும் பெரிய சைஸ் ரீல். "அது நாலடி மீனையே இழுக்குமாம். நம்ம ஊர் விரால் எம்மாத்திரம்?" என்பது அவன் வாதம்.

ரெண்டுமே வேண்டாம் என்றேன். முறைத்தான். அவனுக்கு பெல் அடிப்பதற்குள் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன். மீன்பிடி பக்கமே போகாதவர்களும் படிக்கலாம், பொருள் வாங்கி ஏமாந்த எல்லாருக்கும் பொருந்தும் :-)

சங்கரன்கோவில்ல மீன்பிடியான்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். ஆறு ஓடுற ஊர் இல்லை, கரிசக்காடு. ஆனால் ஊரைச் சுற்றி மழையை நம்பிய குளங்கள் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் மழை சரியாகப் பெய்துவிட்டால் குளம் பெருகி, பங்குனி வரைக்கும் தண்ணி கிடக்கும். அந்தத் தண்ணியில் ஆகாயத்தாமரைக்கும் கோரைக்கும் நடுவே கிடப்பவர்தான் நம்ம ஹீரோ, விரால். காற்றைச் சுவாசிக்கத் தெரிந்த மீன். தண்ணீர் வற்றினால் சகதிக்குள் புதைந்து கிடந்து பிழைத்துக்கொள்ளும். எங்க தாத்தா காலத்தில் மூங்கில் கம்பு, நரம்பு, முள், உயிர்த் தவளை. இப்போது ரப்பர் தவளை, ராடு, ரீல்.

மஸ்கிக்கும் விராலுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. இரண்டும் பாசிக்குள் பதுங்கியிருந்து பாயும் ரகம். மஸ்கி விஸ்கான்சின் மாநிலத்தின் மாநில மீன்; விரால் தெலங்கானாவின் மாநில மீன். ஒற்றுமை அங்கேயே முடிந்துவிடுகிறது. மஸ்கிக்கு வீசும் லூர் நூறு கிராமுக்கு மேல் இருப்பது சாதாரணம். நம் ரப்பர் தவளை பத்து முதல் பதினைந்து கிராம். பெரிய மஸ்கி ரீலின் கனமான ஸ்பூலை இந்தச் சின்னத் தவளையால் சுழற்றவே முடியாது. வீசினால் காலடியில் விழும். லாரி டயரைக் கழட்டி சைக்கிளில் மாட்டின கதைதான். இந்த வேலைக்கு உள்ளங்கையில் அடங்குகிற, உயரம் குறைவான சின்ன ரீல் போதும்.

இன்னும் ஒரு படி முன்னால் போகிறேன். உங்களுக்கு பெய்ட்காஸ்டிங் ரீல் வேணுமா என்பதே முதல் கேள்வி. ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் அசையாமல் நிற்கும், நரம்பு அதிலிருந்து உருவிக்கொண்டு போகும். யாரும் அரை மணி நேரத்தில் பழகிவிடலாம். பெய்ட்காஸ்டிங்கில் வீசும்போது ஸ்பூலே சுற்றும். லூர் வேகம் குறைந்தாலும் ஸ்பூல் அதே வேகத்தில் சுற்றினால் நரம்பு பொங்கி, குருவிக்கூடு மாதிரி சிக்கிவிடும். கட்டைவிரலை ஸ்பூல் மேல் வைத்து அடக்கப் பழக வேண்டும். எனக்கு ரெண்டு வாரம் ஆனது. அதில் பாதி நேரம் கரையில் உட்கார்ந்து சிக்கெடுத்ததுதான், அவ்வ்வ்வ்.

அதனால் கையில் ரெண்டாயிரம்தான் இருக்கிறது என்றால், ஒரு நல்ல ஸ்பின்னிங் ரீல் வாங்குங்கள். பாசி மண்டிய குளத்தில், தடித்த பிரெய்டு நரம்பு போட்டு, தவளையைச் சரியான ஓட்டையில் இறக்கி, கடித்த மீனை அடுத்த நொடியே வெளியே இழுக்க வேண்டும் என்பவர்களுக்குத்தான் பெய்ட்காஸ்டிங். அவர்களுக்குத்தான் மீதிப் பதிவு.

இப்போது என் சோகக் கதை. ஆடித்தபசு சமயத்தில் ஒரு கடையில் நின்று சம்பாதித்த காசில் 1,400 ரூபாய்க்கு முதல் ரீல் வாங்கினேன். பெட்டியில் போட்டிருந்த பேரிங் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் மயங்கினேன். ஒரே மாதத்தில் கைப்பிடியைச் சுற்றும்போது பின்பக்கமாக வழுக்க ஆரம்பித்தது. அது தூக்கிப் போட்டாச்சு. அடுத்து 1,800 ரூபாய்க்கு ஒன்று. அது மூன்று மாதம் நன்றாகத்தான் ஓடியது.

தை மாதத்தில் ஒரு காலை. ஆகாயத்தாமரை ஓரத்தில் தவளையை இழுத்து வரும்போது தண்ணி வெடித்தது. ரெண்டு கிலோவுக்குக் குறையாது. கொத்தி இழுத்தேன், மீன் தாமரைக்குள் தலையை விட்டது. கைப்பிடியை இறுக்கிச் சுற்றினேன். கறக் என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் கைப்பிடி சும்மா சுத்துது, ஸ்பூல் நகரவில்லை. பதட்டத்தில் நரம்பைக் கையால் பிடித்து இழுத்தேன். பிரெய்டு விரலைக் கீறியது, பிறகு அறுந்தது. மீன் போய்விட்டது, வாயில் என் ரெட்டை முள்ளோடு.

விரல் காயம் ஆறிவிட்டது. காசு போனதும் பரவாயில்லை. அந்த மீன் முள்ளோடு என்ன பாடு பட்டிருக்கும் என்பதுதான் ரொம்ப நாள் உறுத்தியது. சாப்பிடப் பிடிக்கிறோமோ, திருப்பி விடப் பிடிக்கிறோமோ, கொத்தின மீனைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது பிடிக்கிறவன் பொறுப்பு. பாதியில் உடைகிற சாமானோடு குளத்துக்குப் போவது தப்பு. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

சாயங்காலம் ரீலை அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பத்து நிமிடத்தில் பிரித்துவிட்டார். உள்ளே பெரிய கியரில் நாலு பல் மழுங்கி, பொடிப்பொடியாகக் கிரீஸில் கலந்து கிடந்தது.

"எவ்வளவுல குடுத்த?"

"ஆயிரத்து எண்ணூறுப்பா."

"மாடு வாங்கப் போறவன் பல்லைப் பிடிச்சுப் பார்ப்பான். நீ கொம்புல அடிச்ச பெயிண்டைப் பார்த்து வாங்கிட்டு வந்திருக்க. பல்லு பித்தளை இல்லல, என்னமோ உருக்கி ஊத்தினது."

தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குவதைப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ரெண்டு ரீலுக்கும் சேர்த்து 3,200 ரூபாய் போச்சு. அதற்கப்புறம் 4,500 ரூபாய்க்கு வாங்கின ரீல்தான் இன்றுவரை ஓடுகிறது. முதலிலேயே ஆறு மாதம் பொறுத்து, காசு சேர்த்து அதை வாங்கியிருந்தால் 3,200 மிச்சம். ஏழைக்குத்தான் மட்டமான பொருள் கட்டுப்படியாகாது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சரி, பல்லைப் பார்ப்பது எப்படி? நான் பார்க்கிற வரிசை இது.

முதலில் கியர். பெரிய கியரும் அதோடு சேரும் சின்ன கியரும் பித்தளையா என்று கேளுங்கள். நல்ல ரீல் என்றால் விவரக்குறிப்பில் அதைப் பெருமையாகவே போட்டிருப்பார்கள். எதுவுமே சொல்லாமல் பேரிங் எண்ணிக்கையை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். விலை உயர்ந்த சில ரீல்களில் எடை குறைய அலுமினிய கியர் போடுவார்கள். அது வேறு கதை, நம் பட்ஜெட்டில் பித்தளைதான் பாதுகாப்பு. பேரிங் அதிகம் என்றால் சுற்றுவது வழுவழுப்பாக இருக்கலாம், பலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நல்ல பேரிங் நாலைந்து போதும்.

இரண்டாவது சட்டகம். அலுமினியம் என்றால் நல்லது. கெட்டியான கிராஃபைட்டும் நம் விராலுக்குத் தாங்கும். ஸ்பூலைப் பெருவிரலால் அமுக்கிக்கொண்டு கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். பின்பக்கம் கொஞ்சம்கூட வழுக்கக் கூடாது. என் முதல் ரீல் இந்தச் சோதனையில் கடையிலேயே ஃபெயில் ஆகியிருக்கும், நான்தான் செய்து பார்க்கவில்லை.

மூன்றாவது பிரேக். ப்ளஸ் டூ இயற்பியலில் சுழல் மின்னோட்டம் என்று ஒரு பாடம் வருமே, பரீட்சையோடு மறந்தோமே, அதுதான் இங்கே வேலை செய்கிறது. அலுமினிய ஸ்பூலுக்குப் பக்கத்தில் காந்தங்கள் இருக்கும். ஸ்பூல் வேகமாகச் சுற்றச் சுற்ற எதிர்ப்பு கூடும். வெளியே உள்ள திருகைத் திருப்பினால் காந்தம் கிட்டேயும் தள்ளியும் போகும். கற்றுக்கொள்கிறவர்களுக்கு இந்தக் காந்த பிரேக் சுலபம். இன்னொரு வகையில் சின்னக் கட்டைகள் வெளிப்பக்கம் ஒதுங்கி உரசி வேகத்தைக் குறைக்கும். அதுவும் நல்லதுதான், ஆனால் சில ரீல்களில் அதை மாற்ற ஒவ்வொரு தடவையும் பக்கவாட்டு மூடியைத் திறக்க வேண்டும்.

நான்காவது டிராக். பெட்டியில் போட்டிருக்கும் பத்து கிலோவை நம்பி ஆகப்போவது ஒன்றுமில்லை. நரம்பு தாங்கும் எடையில் நாலில் ஒரு பங்குக்கு டிராக்கை வைப்பது வழக்கம். 40 பவுண்டு பிரெய்டு என்றால் சுமார் 18 கிலோ. அதில் கால்வாசி நாலரை கிலோ. அந்த நாலரை கிலோவில் விட்டுவிட்டு இழுக்காமல் சீராக நரம்பை விடுகிறதா என்பதுதான் முக்கியம். உள்ளே கார்பன் வாஷர் இருந்தால் உத்தமம். கொக்கி மாட்டுகிற ஸ்பிரிங் தராசு ஒன்று இருந்தால் வீட்டிலேயே இழுத்துப் பார்த்துவிடலாம்.

ஐந்தாவது, கியர் விகிதம். ஸ்பூலின் விட்டம் 33 மி.மீ. என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு சுமார் 104 மி.மீ. நரம்பு. 5:1 ரீலில் கைப்பிடியை ஒரு தடவை சுற்றினால் 52 செ.மீ. வரும். 7:1 என்றால் 73 செ.மீ. மஸ்கிக்காரர்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரும் பெரிய லூர்களை இழுக்க 5:1 மாதிரி குறைந்த விகிதத்தை விரும்புவார்கள். நமக்குத் தொய்ந்த நரம்பைச் சட்டென்று சுற்றி எடுக்க 7:1 பக்கத்தில் இருந்தால் வசதி.

கடைசியாக, எனக்கு முக்கியமானது: கழட்டி மாட்ட முடியுமா? நரம்பை இடமும் வலமும் நகர்த்திப் பரப்பிச் சுற்றுகிற பகுதி ஒன்று இருக்கிறது. தறிக்குத் தார் சுற்றும் மெஷின் மாதிரியேதான். அதற்குள் ஒரு சின்ன உலோகத் துண்டு ஓடிக்கொண்டே இருப்பதால் தேயும். அந்தத் துண்டும் டிராக் வாஷரும் தனியாகக் கிடைக்கிற ரீலை வாங்குங்கள். கிடைக்காத ரீல் ஒரு சின்னத் துண்டுக்காகக் குப்பைக்குப் போகும்.

இந்த ரீலின் வரலாறே கடிகாரக்காரர்கள் கையிலிருந்து வந்ததுதான். 1800களின் தொடக்கத்தில் கென்டக்கியில் பல் சக்கரம் வைத்த ரீலைச் செய்த ஜார்ஜ் ஸ்னைடர் ஒரு கடிகாரக்காரர். ஸ்வீடனின் ஆபு நிறுவனம் 1921-இல் கடிகாரத் தொழிற்சாலையாகத்தான் தொடங்கியது. அவர்கள் 1950களில் கொண்டுவந்த அம்பாசடர் வரிசை ரீல்களைப் பிரித்து, துடைத்து, உதிரி பாகம் போட்டு இன்றும் வீசுகிறவர்கள் இருக்கிறார்கள். மஸ்கிக்காரர்களிடம் நாம் கற்க வேண்டியது சைஸை அல்ல, இந்தப் பழக்கத்தை.

"படிக்கிற பையனுக்கு எதுக்குல இவ்வளவு? சும்மா ஒண்ணு வாங்கிப் பழகு, அப்புறம் நல்லது வாங்கிக்கலாம்" என்று சிலர் சொல்வார்கள். பழகுவதற்குத்தான் நல்ல பிரேக் வேண்டும். மட்டமான பிரேக்கில் பழகினால் சிக்கு நம் தப்பா, ரீல் தப்பா என்றே தெரியாது. காசு இல்லையென்றால், பயன்படுத்திய நல்ல ரீலைப் பிரித்துப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கிவிட்டால் பராமரிப்பும் முக்கியம். கியருக்குக் கிரீஸ். பேரிங்குக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, இரண்டு வேண்டாம். தேங்காய் எண்ணெய் விடவே விடாதீர்கள், பிசுபிசுத்துவிடும். கொடுவா பிடிக்கப் புன்னைக்காயல் பக்கம் போனால் திரும்பியதும் நல்ல தண்ணீரில் லேசாகக் கழுவித் துடைத்து வையுங்கள். உப்பு எந்தப் பித்தளையையும் சும்மா விடாது.

நண்பன் இரண்டையும் வாங்கவில்லை. மாதம் 500 ரூபாய் எடுத்து வைக்கிறானாம். அடுத்த ஐப்பசி மழைக்குள் சேர்ந்துவிடும். மழை வரணும், அதுதான் நம் கையில் இல்லை.

டிஸ்கி: மீன் குத்தகைக்கு விட்ட குளம் என்றால் எடுத்தவரிடம் கேட்டுவிட்டு வீசுங்கள். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து போனால் அடியில் பெற்ற விரால் காவல் நிற்கிறது என்று அர்த்தம். அங்கே மட்டும் தவளையைப் போடாதீர்கள். அது ஒன்று போனால் அத்தனை குஞ்சும் போச்சு.