இரவு யாருடையது?



கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. ஆப்பிரிக்கச் சரணாலயங்களில் சிங்கங்களின் நடுவே மனிதர் கூடாரமடித்துத் தங்கும் காணொளிகளைக் கண்ட நம் வாலிபர்கள், பேச்சிப்பாறைக்கு மேலுள்ள காட்டில் ஓர் இரவு முகாமிட்டு, நெருப்பு மூட்டி, பாடி ஆராதிக்கலாமா என்று கேட்கிறார்கள். ஆசை நல்லதே. ஆயினும் 'வேண்டாம்' என்பதே என் கருத்து. அதற்கான காரணத்தைச் சொல்லுகிறேன்.

சங்கீதம் 104:20-23ஐ நிதானமாக வாசியுங்கள். சங்கீதக்காரன் ஒரு நாளை இரண்டு முறைகளாகப் பகுக்கிறான். இருட்டினபின் காட்டுயிர்கள் புறப்படுகின்றன. சிங்கத்தின் கர்ஜனையும் அவனுக்குத் தேவனிடத்தில் உணவு கேட்கும் விண்ணப்பமாகவே ஒலிக்கிறது. பொழுது விடிந்து அவை ஒதுங்கியபின் மனிதன் வேலைக்குப் போகிறான்; அதுவும் சாயங்காலம் வரைக்குமே. இரண்டு முறைகளையும் வகுத்தவர் ஒரே எஜமான். ஆகவே இரவுக் காட்டில் ஆரவாரம் செய்கிறவன் பிறருக்குக் குறிக்கப்பட்ட வேளையை அபகரிக்கிறான்.

காணொளிகள் காட்டாத ஒன்றையும் அறிந்துகொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் மாலையானதும் தங்கும் முகாம்களின் வாயில்கள் அடைக்கப்படுகின்றன. அங்கே வேலிக்குள் இருப்பவர் மனிதர். வெளியே உலவுபவை மிருகங்கள். பகலிலும் நினைத்த இடத்தில் வாகனத்தைவிட்டு இறங்க அனுமதியில்லை.

நம் மலையும் வெறும் உல்லாசத் தலமன்று. 2008இல் அது கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதை அடுத்துள்ளது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 2023 ஏப்ரலில் கேரளத்தின் சின்னக்கானலிலும், ஜூனில் தேனி மாவட்டத்திலும் பிடிபட்ட அரிக்கொம்பன் யானை, மேல்கோதையாறு பகுதியில் கொண்டுவந்து விடப்பட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மலையடிவார மக்கள் அன்று கலங்கினார்கள். அந்தக் கலக்கம் நியாயமானது.

அவர்களையே நினைத்துப் பாருங்கள். ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டும் தொழிலாளர் விடியுமுன்பே தலைவிளக்கோடு புறப்படுகிறார்கள். ஒலிபெருக்கியாலும் நெருப்பாலும் நாம் மிரளச் செய்த யானையை அதிகாலையில் எதிர்கொள்ளப்போகிறவர்கள் அவர்களே. நாமோ அதற்குள் கருங்கலுக்குத் திரும்பி உறங்கிக்கொண்டிருப்போம். நம் மகிழ்ச்சிக்கான விலையை ஏழை ஒருவன் செலுத்தலாமா?

'ஆதியாகமம் 1:28இல் மிருகங்களை ஆளும்படி கட்டளை பெற்றோமே' என்பீர்கள். மெய்தான். ஆளுகையின் உத்தமமான மாதிரியை மாற்கு 1:13இல் பாருங்கள். நாற்பது நாள் வனாந்தரத்தில் இருந்த நம் ஆண்டவர், காட்டு மிருகங்களுடன் இருந்தார் என்றுமாத்திரம் வாசிக்கிறோம். அவர் அவற்றை விரட்டியதாகவோ அடக்கியதாகவோ சுவிசேஷகன் எழுதவில்லை. அங்கே அவரைச் சோதித்தவன் சாத்தான். மிருகங்கள் அவரைச் சோதிக்கவில்லை.

ஆகையால் வாலிபரே, மலைக்குப் பகலில் போங்கள். வனத்துறை அனுமதித்த இடத்தில் மாத்திரம் நில்லுங்கள். ஒலிபெருக்கியும் தீப்பெட்டியும் வீட்டிலேயே இருக்கட்டும். தின்பண்ட உறை ஒன்றையும் விட்டுவராதிருங்கள். அங்கே சிறிதுநேரம் பேசாமல் அமர்ந்திருங்கள், அதுவும் ஆராதனையே. பொழுது சாயுமுன் இறங்கிவாருங்கள். இரவில் ஆலயத்தில் கூடி, மலையில் இரைதேடும் உயிர்களுக்காகவும், அதன் அடிவாரத்தில் விழித்தெழப்போகும் தொழிலாளருக்காகவும் ஜெபிப்போம்.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஆமென்.