ஜுர மருந்தும் அதன் அளவும்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழியை அறியாதார் தமிழ் மக்களுள் எவருமிலர். ஆயினும், அவ்வளவுதான் யாது என்று வினவின், விடை கூற வல்லார் மிகச் சிலரே. தலைவலிக்கும் உடல்வலிக்கும் ஜுரத்துக்குமாக நம் இல்லங்களில் எக்காலமும் வைத்திருக்கப்பெறும் பாரஸிட்டமால் என்னும் மருந்தின் திறத்தில் இஃது முற்றும் உண்மையாம். அதனை நாமெல்லோரும் உட்கொள்கின்றோம்; நம் குழந்தைகளுக்கும் கொடுக்கின்றோம். அளவறிந்து கொடுப்பார் எத்துணையர் என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

இம்மருந்து புதியதன்று. 1893-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய வைத்தியராகிய வான் மெரிங் இதனை நோயாளர்க்குக் கொடுத்துச் சோதித்தார். பின்னர் அரை நூற்றாண்டு இது பெரிதும் மறக்கப்பட்டுக் கிடந்தது. 1948-ல் அமெரிக்காவில் பிராடி, ஆக்ஸல்ராட் என்னும் இருவர், அந்நாளில் வழங்கிய அஸிட்டனிலைட் என்னும் மருந்து உடலினுள்ளே பாரஸிட்டமாலாக மாறியே நோவைத் தணிக்கின்றதென்று காட்டினர். 1955-ல் அமெரிக்காவில் குழந்தைகட்குரிய பானமாகவும், 1956-ல் இங்கிலாந்தில் மாத்திரையாகவும் இது விற்பனைக்கு வந்தது. ஆஸ்பிரினைப் போல இது இரைப்பையைப் புண்படுத்துவதில்லை. டெங்கு ஜுரத்தில் ஆஸ்பிரினும் ஐபுபுரோபெனும் இரத்தப் பெருக்கை விளைக்கக்கூடுமென்று விலக்கப்படுங்கால், வைத்தியர் இதனையே நாடுகின்றனர். ஆதலின் நாம் இம்மருந்தைப் பழிக்க வந்தோமல்லோம். இதன் எல்லையை எடுத்துரைக்கவே வந்தோம்.

வயது வந்தோர் ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மில்லிகிராம் வரை உட்கொள்ளலாம். ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் இடையே நான்கு மணி நேரமேனும் கழிதல் வேண்டும். 24 மணி நேரத்துள் 4000 மில்லிகிராமைக் கடத்தலாகாது. அஃதாவது, 500 மில்லிகிராம் மாத்திரையாயின் எட்டும், 650 மில்லிகிராம் மாத்திரையாயின் ஆறுமே பேரெல்லை. எல்லை என்பது அடைய வேண்டிய இடமன்று. அணுகாதிருக்க வேண்டிய இடமாகும். உடல் மெலிந்தோர், நாட்பட உணவின்றி வாடினோர், நாடோறும் மது அருந்துவோர், கல்லீரல் நோயுடையோர் ஆகியோர்க்கு இவ்வெல்லை இன்னும் குறுகியது. அன்னோர் வைத்தியரைக் கேட்டே உட்கொள்ளல் வேண்டும்.

எல்லை ஏன் வேண்டும் என்பார்க்குக் காரணம் கூறுவோம். உட்கொண்ட மருந்தின் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கற்ற பொருளாக மாற்றிச் சிறுநீரோடு வெளியேற்றிவிடும். சிறு பகுதி மாத்திரம் விஷமாக மாறும். அவ்விஷத்தைக் கல்லீரலிலுள்ள குளூட்டாதயோன் என்னும் பொருள் அடக்கிவிடும். மருந்து மிகுந்தாலோ விஷமும் மிகும். குளூட்டாதயோன் செலவாகித் தீர்ந்துவிடும். பின்னர் அவ்விஷம் கல்லீரலின் அணுக்களையே அழிக்கத் தொடங்கும். இத்தகைய கல்லீரல் அழிவு 1966-ல் ஸ்காட்லாந்து வைத்தியர்களால் முதன்முதல் எடுத்துரைக்கப்பட்டது. இதில் அஞ்சத்தக்கது யாதெனின், முதல் நாளில் குமட்டலன்றி வேறு குறி தோன்றாமலே போகலாம் என்பதே. கல்லீரலின் கேடு இரண்டாம் மூன்றாம் நாட்களிலேயே வெளிப்படும். அஸிட்டைல்சிஸ்டீன் என்னும் மாற்று மருந்து உண்டு. எனினும் எட்டு மணி நேரத்துள் கொடுத்தாலே அது முழுப்பயன் தரும். ஆகவே, அளவு மிகுந்ததென்று ஐயுற்ற அக்கணமே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டுமேயன்றி, குறி தோன்றட்டுமென்று காத்திருத்தல் பேதைமையாகும்.

வேண்டுமென்றே மிகையாக உட்கொள்வாரை ஒழித்து, அறியாமல் மிகையாக உட்கொள்வாரும் உளர். ஜலதோஷத்துக்கென்று விற்கப்படும் கலப்பு மாத்திரைகள் பலவற்றில் இம்மருந்தே அடங்கியுள்ளது. ஜுரத்துக்கு ஒன்று, ஜலதோஷத்துக்கு ஒன்று, மேல்வலிக்கு ஒன்று என மூன்று பெயர்களில் வாங்கி, ஒரே மருந்தை மும்மடங்கு உட்கொள்வது எளிதில் நேரக்கூடியதே. பெட்டியின் மீது பெரிதாய் விளங்கும் பெயரை நோக்காது, கீழே சிறிதாய் எழுதப்பட்ட மருந்தின் பெயரை நோக்குதலே அறிவுடைமை.

இனிக் குழந்தைகளின் நிலையை நோக்குவோம். குழந்தைக்குரிய அளவை வயதைவிட உடலின் நிறையைக் கொண்டு துணிதலே செம்மை. ஒரு கிலோகிராம் நிறைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம், நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளில் நான்கு முறைக்கு மேற்படாமை, இதுவே விதி. பத்துக் கிலோகிராம் நிறையுள்ள குழந்தைக்கு 125 மில்லிகிராம் என்று கொள்வோம். கடையிலோ இம்மருந்து பல வலிமையில் கிடைக்கின்றது. 5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம் உள்ள பானமும் உண்டு. 250 உள்ளதும் உண்டு. கைக்குழந்தைகட்குரிய சொட்டு மருந்தோ ஒரே மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் உடையது. முதலாவதில் 5 மில்லிலிட்டர் கொடுத்தால் அளவு சரியாகும். அதே 5 மில்லிலிட்டரை இரண்டாவதில் கொடுத்தால் இருமடங்காகும். சொட்டு மருந்தில் கொடுத்தால் 500 மில்லிகிராம், அஃதாவது நான்கு மடங்காகும். சிறு குழந்தைக்கென்று செய்யப்பட்டது வலிமை குறைந்ததாயிருக்கும் என்று தாய் எண்ணுவது இயல்பே. உண்மையோ அதற்கு நேர் மாறானது.

இதனைப் பெற்றோரின் கவனக்குறைவென்று சொல்லி ஒதுக்குவாரும் உளர். நாம் அதற்கு உடன்படோம். நள்ளிரவில் ஜுரத்தால் துவளும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் தாய், கடுகளவு எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் அச்சிட்ட சீட்டை வாசித்து, வகுத்தலும் பெருக்கலும் செய்து முடிப்பாளென்று எதிர்பார்ப்பது நீதியாகுமா? வைத்தியரைக் கேட்டால் போதாதோ எனின், வைத்தியர் 5 மில்லிலிட்டர் என்று மாத்திரம் சொல்லிவிட, கடைக்காரர் வேறு வலிமையுள்ள பானத்தை எடுத்துக் கொடுத்தால் அவர் சொல்லும் பயனற்றுப் போகும். அமெரிக்காவில் சொட்டு மருந்து குழந்தைகளின் பானத்தைப் போல ஏறத்தாழ மும்மடங்கு வலிமையுடையதாய் இருந்தது. அதனால் நேர்ந்த தவறுகளைக் கண்டு, 2011-ல் மருந்து செய்வோர் இரண்டையும் 5 மில்லிலிட்டருக்கு 160 மில்லிகிராம் என்னும் ஒரே வலிமைக்குக் கொண்டுவர இசைந்தனர். அந்நாட்டில் இயன்றது நம் நாட்டில் இயலாதென்பதற்குக் காரணம் யாதும் காண்கிலோம்.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. குழந்தைகளின் பாரஸிட்டமால் ஒரே வலிமையில் விற்கப்படல் வேண்டும். புட்டிதோறும் மில்லிலிட்டர்க் கோடிட்ட அளவுக் குழலோ கிண்ணமோ உடனிருத்தல் வேண்டும். சமையலறைக் கரண்டி வீட்டுக்கு வீடு வேறுபடுமாதலின் அளவு கருவியாகாது. நிறைக்கேற்ற அளவு தமிழில், முதியோரும் வாசிக்கத்தக்க எழுத்தில் அச்சிடப்படல் வேண்டும்.

இவை கைகூடுமளவும் கல்லூரி மாணவராகிய நமக்கொரு கடமை உண்டு. மருந்துச் சீட்டை வாசித்துச் சொல்லுமாறு அண்டை அயலார் நம்மிடமே வருகின்றனர். வேதியியலில் கரைசலின் செறிவைக் கணக்கிடக் கற்ற நாம், அக்கணக்கை இங்கே செய்து காட்டாவிடில் கற்றதனாற் பயனென்ன? வீட்டிலுள்ள புட்டியின் வலிமை, குழந்தையின் நிறை, கொடுக்கத்தக்க மில்லிலிட்டர் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் புட்டியிலேயே ஒட்டிவைப்போம். கொடுத்த நேரத்தையும் குறித்துவைக்கச் சொல்வோம். மூன்று மாதம் நிரம்பாத சிசுவுக்கு ஜுரம் கண்டால், எம்மருந்தும் தாமே கொடாது வைத்தியரிடம் விரையச் சொல்வோம். செலவில்லாத இவ்வுதவியால் ஓர் உயிரேனும் காக்கப்படுமாயின், அதனினும் சிறந்த கல்விப் பயன் வேறுண்டோ?